புகையின் வரவு செலவு

மாமாவின் வேன் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டது.

அவர் பையன் ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டபோதுகூட மாமா இவ்வளவு இடிந்து போகவில்லை. 'விட்றா, அக்டோபர்ல எழுதிக்கலாம்' என்று அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். வேன் விஷயத்தில் அப்படிப் பெருந்தன்மையாக இருக்க முடியாது. கல்யாண சீஸன். புகை சர்டிபிகேட் இல்லாமல் ரோட்டில் இறக்கினால் அபராதம்.

'மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில வேற எழுதறே. சீட்டுல என்ன போட்டிருக்கான்னு வந்து பார்த்துச் சொல்லு' என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். பி.காமுக்கும் டீசல் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷில் அச்சடித்த எந்தக் காகிதமும் என் டிபார்ட்மெண்ட். மாத்திரை அட்டை உள்பட.

புகைக் குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகினார்கள். 'மிதிங்க சார்' என்றார் டெஸ்ட் எடுக்கிற பையன். டிரைவர் மிதித்தார். வேன் கர்ஜித்தது. பக்கத்து டீக்கடைக்காரர் வடைத் தட்டை மூடினார். நாலைந்து தடவை மிதித்த பிறகு கம்ப்யூட்டர் 71 என்று துப்பியது. இந்த வயசு வண்டிக்கு 65ஐத் தாண்டக் கூடாதாம்.

'65ன்னா என்னப்பா? மார்க்கா, கிலோவா?' என்றார் மாமா.

பையனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். விஷயம் ரொம்ப எளிமை. அந்தப் பெட்டிக்குள் புகை நிரம்பும் இடத்தின் நீளம், கணக்குக்கு 43 சென்டிமீட்டர். ஒரு முனையில் விளக்கு. மறு முனையில் வெளிச்சத்தை அளக்கும் சின்ன சில்லு. நூறு ரூபாய் வெளிச்சம் அனுப்பினால் அந்த முனைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்கிறார்கள். நடுவில் புகை 65 ரூபாய் வரை அமுக்கலாம். அதற்கு மேல் அமுக்கினால் ஃபெயில். நம் வேன் 71 ரூபாயை அமுக்கிவிட்டது.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். 'நம்ம தெருவுக்கு ரோடு போட்ட மாதிரின்னு சொல்லு' என்றார்.

* * *

அங்கிருந்து நேராக மேஸ்திரியிடம் போனோம். அறுபதை நெருங்குகிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் டீசல் பம்ப்பும் நாசிலும்தான் வாழ்க்கை. 'புகையைப் பார்த்தா என்ஜின் ஜாதகம் சொல்லிடுவேன் தம்பி' என்பார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று போதவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. மாமாவின் வேனுக்குக் கறுப்பு ராசி.

நாசிலைக் கழற்றி ஒரு கைப்பம்ப்பில் மாட்டி நெம்புகோலை அழுத்தினார். 'சர்ர்ர்' என்று டீசல் பீய்ச்சியது. நான் இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று கையை நீட்டினேன். 'ஐயோ தம்பி, கையை எடுங்க! தோலைப் பொத்துக்கிட்டு உள்ள போயிடும்' என்று அலறினார். சுமார் 200 பார் அழுத்தமாம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். நான் கையைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

'பார்த்தீங்களா? மூணு ஓட்டை பனி மாதிரி அடிக்குது. நாலாவது ஓட்டை மூக்கு ஒழுகற மாதிரி ஒழுகுது. அதான் கரும்புகை.'

'ஒழுகினா ஏன் அண்ணே கறுப்பா வரணும்?'

'காத்தோட கலக்கலேன்னா கரியாத்தானே போகும்?'

'அது எப்படிக் கரியா மாறுதுன்னு பார்த்திருக்கீங்களா?'

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். 'இங்க வெளியில அடிக்கறதைத்தான் நான் பார்க்க முடியும். உள்ள போனப்புறம் அது என்ன கூத்தடிக்குதுன்னு எவன் தம்பி பார்த்தான்?'

சொல்லிவிட்டு இருமினார். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதையும் நான் கவனித்தேன், அப்போதைக்கு மறந்துவிட்டேன்.

* * *

எவன் பார்த்தான்? நல்ல கேள்வி. ஒரு மாசமாக அது என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் சாயங்காலங்களில் தேடித் தேடிப் படித்தேன். விடை: பார்த்திருக்கிறார்கள். வெளிச்சத்தையும் கேமராவையும் மட்டும் வைத்துக்கொண்டு, சிலிண்டருக்குள் கரி பிறப்பதையும் சாவதையும் பார்த்திருக்கிறார்கள்.

'சாவதையுமா?' என்றால், ஆமாம். எனக்கே அதுதான் புதுச் செய்தி. என்ஜினுக்குள் உருவாகும் கரியில் பெரும்பகுதி, ஸ்பிரேயின் ஓரத்தில் காற்றோடு சேர்ந்து எரியும் இடத்துக்குப் போய் அங்கேயே எரிந்தும் போகிறது. தப்பித்த கொஞ்சம்தான் புகைக் குழாய் வழியாக நம் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேருகிறது.

காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கரி உருவாவது வரவு. எரிவது செலவு. புகைக் குழாயில் வருவது மீதி. அந்த 71 என்பது வெறும் மீதி. ஒரு கம்பெனியில் வருஷக் கடைசியில் கையிருப்பு 71 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா? 'டே-புக்கைக் கொண்டாய்யா' என்பார். ஆயிரம் ரூபாய் வந்து 929 போனதா, அல்லது 80 வந்து 9 போனதா? இரண்டுக்கும் மீதி ஒன்றுதான். வியாதி வேறு, வைத்தியம் வேறு.

ஆக, வேண்டியது டே-புக். சிக்கல் என்னவென்றால் கணக்கு எழுத நேரமில்லை. என்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் டீசல் பீய்ச்சப்படுகிறது. ஒவ்வொரு பீய்ச்சலும் ஓரிரு மில்லி செகண்டில் முடிந்துவிடும். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாக் கேமராவில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் மொத்தக் கதையும் நடந்து, வணக்கம் போட்டுவிடும்.

* * *

இந்தக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு மெழுகுவர்த்தி.

1860 டிசம்பர். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன். மைக்கேல் ஃபாரடே கிறிஸ்துமஸ் விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர்ச்சியாக ஆறு சொற்பொழிவு செய்தார். (ஒரு மெழுகுவர்த்திக்கு ஆறு! இங்கே கரண்ட் போனால் மட்டும்தான் நாம் அதை நினைக்கிறோம்.) அதில் மெழுகுவர்த்தியின் ஜுவாலைக்குப் பின்னால் பிரகாசமான மின்விளக்கை வைத்து, ஜுவாலையின் நிழலைத் திரையில் விழ வைத்தார். நெருப்புக்கு நிழலா என்று பார்த்தால், விழுந்தது. அதிலும் ஜுவாலையில் எந்தப் பகுதி ரொம்பப் பிரகாசமோ, அந்தப் பகுதியின் நிழல்தான் ரொம்பக் கறுப்பு!

காரணம் கரி. ஜுவாலை மஞ்சளாக ஒளிர்வது அதற்குள் பழுக்கக் காய்ந்த கரித்துகள்களால். அதே துகள்கள்தான் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறிக்கின்றன. எங்கள் பாட்டி இதே துகள்களை விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, எண்ணெயில் குழைத்துக் கண்ணுக்கு மையிட்டாள். பாட்டிக்குச் சயன்ஸ் தெரியாது. ஃபாரடேவுக்கு மை தெரிந்திருக்காது.

இந்த ஒரு பரிசோதனைக்குள் இன்றைய முறைகளில் இரண்டு ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கரியின் ஒளியைப் பார்ப்பது. இன்னொன்று, கரியின் நிழலைப் பார்ப்பது.

ஒளியைப் பார்க்கும் முறைக்கு இரண்டு நிற முறை என்று பெயர். 1932ல் ஹாட்டல், பிராட்டன் என்ற இருவர் கொண்டு வந்தார்கள். (ஹாட்டல் என்பது மனிதரின் பெயர். சாப்பாடு கிடைக்காது.) கொல்லுப்பட்டறையில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே 'பதம் வந்துடுச்சு' என்று அடிக்கிறார்கள் அல்லவா? அதே கதைதான். ஜுவாலையை இரண்டு நிறங்களில் தனித்தனியாக அளந்தால், இரண்டுக்கும் உள்ள விகிதத்திலிருந்து சூடு தெரியும். சூடு தெரிந்தால் இவ்வளவு வெளிச்சம் தர எவ்வளவு கரி வேண்டும் என்று கணக்குப் போடலாம். ஒரு குறை: ரொம்பச் சூடான கரிதான் ரொம்ப ஒளிரும். உள்ளே ஆறிப்போய்ச் சும்மா இருக்கும் கரி கணக்கிலேயே வராது. ஆபீஸ் மீட்டிங்கில் சத்தம் போடுகிறவர் பேச்சு மட்டும் மினிட்ஸில் ஏறுகிற மாதிரி.

* * *

மூன்றாவது முறை தற்செயலாகக் கிடைத்தது. அதற்கு லேசர் வேண்டும்.

1977ல் எக்பிரத் என்ற விஞ்ஞானி லேசரை வைத்து ஜுவாலையில் வேறு எதையோ அளக்கப் பார்த்தார். வேண்டாத ஒரு வெளிச்சம் குறுக்கே வந்து கெடுத்துக்கொண்டே இருந்தது. லேசர் பட்ட கரித்துகள்கள் சூடேறி, ஜுவாலையைவிடப் பளிச்சென்று எரிந்து தொலைத்தன. அவருக்கு அது தொல்லை. 1984ல் மெல்டன் என்பவர் அந்தத் தொல்லையையே கணக்குப் போட்டு, 'இந்த வெளிச்சம் எவ்வளவு, கரி அவ்வளவு. இதை வைத்தே கரியை அளக்கலாமே' என்றார். (நம் வீட்டிலும் தொல்லை என்று நினைக்கிறவர்கள் பிற்காலத்தில் உபயோகப்படுவார்கள். மச்சான்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.)

முறை இதுதான். லேசரைக் காகிதம் மாதிரி மெல்லிய தகடாக விரித்து ஸ்பிரேயின் நடுவே பாய்ச்சுகிறார்கள். ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் பத்துப் பங்கு நேரம்தான். அதற்குள் வழியில் உள்ள கரி ஏறக்குறைய 4,000 கெல்வின் வரை சூடேறி ஒளிரும். கேமரா க்ளிக். வாழைக்காயை நடுவில் நறுக்கி உள்ளே பார்ப்பது போல, ஸ்பிரேயின் குறுக்குவெட்டு கைக்கு வந்துவிடும்.

இதை வைத்து ஒரு பெரிய தப்பெண்ணத்தை உடைத்தார்கள். இடம்: கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊர். சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம். அணு ஆயுத வேலைக்குப் பேர் போன இடம். அங்கே எரிதலை ஆராயவும் ஒரு பிரிவு உண்டு. ஜான் டெக் என்பவர் அங்கே ஒரு பெரிய டீசல் என்ஜினுக்கு ஜன்னல் வைத்தார். பிஸ்டன் தலையில் ஒரு ஜன்னல், சிலிண்டர் ஓரத்தில் ஜன்னல், லேசர் ஒரு பக்கம், கேமரா இன்னொரு பக்கம்.

அதுவரை நிபுணர்கள் என்ன நினைத்திருந்தார்கள்? ஸ்பிரேயின் உள்ளே ஆழம் வரை டீசல் துளிகள் இருக்கும், வெளித்தோலில் மட்டும் நெருப்பு, கரியும் அந்தத் தோலை ஒட்டித்தான் என்று. படத்தில் தெரிந்தது வேறு. டீசல் கொஞ்ச தூரத்திலேயே முழுக்க ஆவியாகிவிடுகிறது. சூடான காற்றை இழுத்துக் கலந்துகொள்கிறது. ஆனால் போதுமான அளவுக்கு அல்ல. அந்தக் காற்றுப் பஞ்சத்தில் அரைகுறையாக எரிகிறது. அங்கிருந்து ஸ்பிரேயின் முழு அகலத்துக்கும் கரி! முனையை நோக்கிப் போகப் போகத் துகள்கள் பெருக்கின்றன. சுற்றிலும் போர்வை போல ஒரு மெல்லிய நெருப்பு. அந்தப் போர்வையில்தான் கரி எரிந்து தீர்கிறது. வரவுப் பக்கம் நடுவில், செலவுப் பக்கம் ஓரத்தில். 1997ல் டெக் இதை ஒரே சித்திரமாக வரைந்து வெளியிட்டார். டீசல் என்ஜினைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தச் சித்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

லேசர் முறைக்கும் குறை உண்டு. கரி அடர்த்தியாக இருந்தால் லேசர் பாதி வழியிலேயே களைத்துவிடும். தவிர அந்தக் கால லேசர்கள் வினாடிக்குப் பத்து முறைதான் அடிக்கும். அதனால் ஒரு பீய்ச்சலுக்கு ஒரே ஒரு படம். நூறு கல்யாணத்தில் ஒவ்வொரு போட்டோ எடுத்து, ஒட்டவைத்து ஒரு கல்யாண ஆல்பம் செய்கிற மாதிரி. எங்கோ ஓரிடத்தில் மாப்பிள்ளை மாறிப்போவார்.

* * *

ஆகவே மறுபடி ஃபாரடேவின் நிழலுக்கே வந்தார்கள்.

பாங்க் காஷியர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அந்த முறை. ஸ்பிரேக்குப் பின்னால் விளக்கு, முன்னால் அதிவேகக் கேமரா. வினாடிக்குப் பல பத்தாயிரம் படங்கள். எந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் குறைந்ததோ, அந்த வழியில் அவ்வளவு கரி. ஒரே கல்யாணம், முழு வீடியோ.

வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு விதி உண்டு. பீர்-லாம்பர்ட் விதி. (1852ல் இதற்குத் தன் பங்கைச் சேர்த்த ஜெர்மானியரின் பெயர் ஆகஸ்ட் பீர். ஞாபகம் வைத்துக்கொள்ள சிலருக்குச் சிரமம் இருக்காது.) சாதாரணமாகச் சொன்னால், நாம் தேய்மானம் கணக்கிடும் குறைந்து செல் மதிப்பு முறை! முதல் சென்டிமீட்டர் புகையில் 10 சதவீதம் போனால் 100 ரூபாய் 90 ஆகும். அடுத்த சென்டிமீட்டரில் அந்த 90ல் 10 சதவீதம் போய் 81. அப்புறம் 72 ரூபாய் 90 காசு. பி.காம். முதல் வருஷத்தில் மெஷினரி அக்கவுண்ட் போட்டவர்கள் எல்லோரும் அரை விஞ்ஞானிகள். மாமாவின் 71ம் இதே கணக்குத்தான்.

ஆனால் சும்மா ஒரு விளக்கை வைத்தால் கதை கெட்டுவிடும். நீங்களே பார்க்கலாம். மெழுகுவர்த்தியை நல்ல வெயிலில் வைத்துச் சுவரில் விழும் நிழலைக் கவனியுங்கள். ஜுவாலையின் சாம்பல் நிற நிழலைச் சுற்றிலும் கானல் மாதிரிக் கோடுகள் நெளியும். அது கரி இல்லை. சூடான காற்று வெளிச்சத்தை வளைக்கிறது, அவ்வளவுதான். மதியத்தில் தார் ரோட்டில் தண்ணீர் தெரிகிற அதே வித்தை. என்ஜின் சூட்டில் இந்த நெளிவு பல மடங்கு. கேமரா அதையும் கரி என்று கணக்கில் ஏற்றிவிடும். பொய் வவுச்சர்!

இதற்கு ஒரு எளிய மருந்து கண்டுபிடித்தார்கள். விளக்குக்கு முன்னால் பால் நிறக் கண்ணாடி போல ஒரு திரை. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வராமல் எல்லாக் கோணத்திலிருந்தும் பரவி வரும். ஒரு கதிர் வளைந்து விலகினால் இன்னொரு கதிர் அந்த இடத்துக்கு வளைந்து வந்து சேரும். நிகரக் குறைவு பூஜ்யம். மிச்சமாகத் தெரிவது கரியின் நிழல் மட்டும்.

இன்னொரு தில்லுமுல்லு: ஜுவாலையே ஒளிர்கிறதே, அது நிழலை வெளுப்பாக்கிவிடாதா? ஆக்கும். அதனால் விளக்கை ஒரு படத்துக்குப் போட்டு அடுத்த படத்துக்கு அணைக்கிறார்கள். அணைத்த படத்தில் இருப்பது ஜுவாலையின் சொந்த வெளிச்சம். அதைப் போட்ட படத்திலிருந்து கழித்தால் போச்சு.

இதிலும் சில்லறைத் தகராறு உண்டு. நிழலின் கறுப்பை மைக்ரோகிராம் கரியாக மாற்ற வேண்டும் என்றால் கரி வெளிச்சத்தை எவ்வளவு விழுங்கும் என்று தெரிய வேண்டும். புதிதாகப் பிறந்த கரி கொஞ்சமாகவும் முதிர்ந்த கரி அதிகமாகவும் விழுங்கும். குடோனில் மூட்டைகளை எண்ணிவிடலாம். ஒவ்வொரு மூட்டைக்கும் என்ன விலை போடுவது? வருஷக் கடைசியில் நமக்கும் ஆடிட்டருக்கும் நடக்கிற அதே சரக்கு மதிப்பீட்டுச் சண்டை.

சண்டை வராமல் இருக்க அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அமெரிக்காவில் சாண்டியா, பிரான்ஸில், ஸ்பெயினில், நெதர்லாந்தில் என்று பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரே வினாத்தாளை எழுத ஒப்புக்கொண்டன. 'ஸ்பிரே ஏ' என்று பெயர். எல்லோருக்கும் ஒரே ரக நாசில், துளை 0.09 மில்லிமீட்டர். அழுத்தம் 1,500 பார். உள்ளே 900 கெல்வின், அதாவது 627 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்றைப் போலப் பத்தொன்பது மடங்கு அடர்த்தி. எரிபொருள்கூட சாதா டீசல் இல்லை. டீசல் என்பது நூற்றுக்கணக்கான பொருள்கள் வசிக்கும் கூட்டுக் குடும்பம். யார் செய்த தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் டோடெக்கேன் என்ற ஒற்றைப் பொருள்.

இதற்கெல்லாம் ஜன்னல் எதில் செய்வது? சாதாக் கண்ணாடி தாங்காது. நீலக்கல்! ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நிறமில்லாத நீலக்கல் ஜாதி. நாம் சனீஸ்வரனுக்குப் பயந்து மோதிரத்தில் அரை காரட் போடுகிறோம். அவர்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் போட்டு, சனியனே என்று கரியை எட்டிப் பார்க்கிறார்கள்.

* * *

பார்த்து என்ன கிழித்தார்கள்?

நாசிலிலிருந்து கிளம்பும் திரவம் சுமார் ஒரு சென்டிமீட்டரில் ஆவியாகிவிடுகிறது. நெருப்பு நாசிலை ஒட்டி எரிவதில்லை. இந்த 'ஸ்பிரே ஏ'யில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளித்தான் பற்றுகிறது. கரி அதற்கும் அப்பால். ஆக, நாசிலுக்கும் நெருப்புக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் எவ்வளவு காற்று கலக்கிறதோ அதுதான் தலையெழுத்து. கலப்பு அதிகமானால் கரியின் வரவு குறையும். ஒரு அளவுக்கு மேல் கலந்துவிட்டால் வரவே இல்லை.

நம் வீட்டு காஸ் அடுப்பும் இதுதான். காற்றுத் துவாரம் சரியாக இருந்தால் நீல ஜுவாலை. அடைத்துக்கொண்டால் மஞ்சள் ஜுவாலை, பாத்திரத்துக்கு அடியில் கரி, வீட்டுக்காரியின் முகத்தில் கடுகு. சாண்டியாவில் சார்லஸ் மியூலர் என்பவர் இதே புன்சன் அடுப்பு யோசனையை எடுத்து, டீசல் ஸ்பிரேயை ஒரு சின்னக் குழாய் வழியாக நுழைத்துப் பார்த்தார். குழாய்க்குள் காற்று நன்றாகக் கலந்தது. கரி வெகுவாகக் குறைந்தது. 2017ல் கட்டுரை வெளியானது. கோடிக்கணக்கில் செலவு செய்து கடைசியில் ஒரு துண்டுக் குழாய்! ஆனால் அந்தத் துண்டுக் குழாயை எங்கே வைப்பது என்று சொன்னது அந்தப் படங்கள்தான்.

'இப்பத்தான் புது வண்டியில ஃபில்டர் வெச்சுட்டாங்களே' என்பீர்கள். உண்மை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் கரி வடிகட்டி வருகிறது. ஆனால் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யவும் டீசல்தான் செலவாகிறது. வராத கரியை வடிகட்ட வேண்டாம். தவிர, பழைய வேன், ஜெனரேட்டர், பம்ப்செட், கப்பல் எல்லாவற்றுக்கும் யார் ஃபில்டர் மாட்டினார்கள்?

கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்றால் கரி இல்லை என்றும் அர்த்தமில்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரம் கரிமணிகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. மூக்கு முடியெல்லாம் அதற்குத் தடுப்பே இல்லை. நேராக நுரையீரலின் அடி வரை போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் டீசல் புகையை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியல் அது. சிகரெட்டும் அதே பட்டியலில்தான்.

* * *

மேஸ்திரி நாசிலைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றினார். மறு டெஸ்டில் 48. மாமாவுக்கு வாயெல்லாம் பல். வேனுக்குப் பரோட்டா வாங்கித் தர முடியாது என்பதால் எனக்கு வாங்கித் தந்தார்.

நான் மேஸ்திரியிடம் போனில் அந்த நிழல் வீடியோவைக் காட்டினேன். 'உள்ள என்ன கூத்துன்னு கேட்டீங்களே அண்ணே, இதான்.' கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். நான் படித்தது எதையும் அதுவரை அவரிடம் சொல்லவில்லை.

'நாசில்கிட்ட கறுப்பே இல்லையே தம்பி. தள்ளிப் போய்த்தானே கருக்குது?' என்றார். கொஞ்சம் யோசித்தார். 'அப்போ இந்த எடத்துலதான் காத்து சேரணும்' என்று அந்த இடைவெளியில் விரலை வைத்தார்.

அவர்களுக்கு லேசரும் நீலக்கல்லும் வேண்டியிருந்தது. இவருக்கு மூன்று தடவை பார்த்தது போதும்.

மறுபடி இருமல் வந்தது. இந்த முறை நீளமாக. கர்ச்சீப்பில் துடைத்ததை மடித்துப் பையில் வைக்கப் போனார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

'அவங்க ஜன்னல் வெச்சுப் பார்த்துட்டாங்க. நான் முப்பது வருஷமா இருமிப் பார்த்துக்கிட்டு இருக்கேன் தம்பி.'

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஒரு பெட்டி முகமூடி வாங்கிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார். பட்டறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிரிக்காமல், பத்திரமாக வைத்திருக்கிறார்.

மாமாவிடம் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போவதாக ஏற்பாடு. மேஸ்திரி மாட்டேன் என்றார். 'வேனை எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பேன், ஏறலேன்னா ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன்' என்று மாமா மிரட்டியிருக்கிறார்.

மிதிக்கலாம். 48தானே!